இருமலிலும் ரத்தம், சிறுநீரிலும் ரத்தம்: நீலகிரியில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரிலும் கோத்தகிரியிலும் மருத்துவ ஆய்வகங்களில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவர் இல்லை. ரத்தமும் சளியும் சிறுநீரும் பார்த்துப் பழகிய கண்கள் என்னுடையவை. நுரையீரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்துத் தாக்கும் அரிய நோய் என் தங்கைக்கு வந்தது. அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எங்கே தவறவிட்டீர்கள் என்று தெரிந்தவர்களும், தெரிந்தவர்கள் அனுப்பிய தெரியாதவர்களும் இன்றுவரை கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: நாள்பட்ட இருமலுக்கு எக்ஸ்ரே எடுக்கும் அன்றே சிறுநீரையும் சோதித்துவிடுங்கள்.

இது ஒரே நோயா, பல நோய்களா?

பல நோய்கள். கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடலின் எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறி நம் உடலையே தாக்கும் ஆட்டோ இம்யூன் நோய்கள் இவை. நுரையீரலும் சிறுநீரகமும் சேர்ந்து அடிபடும்போது மருத்துவர்கள் முக்கியமாக மூன்றை நினைப்பார்கள்.

முதலாவது ஆன்டி ஜிபிஎம் நோய். ஜிபிஎம் என்பது சிறுநீரக வடிகட்டியின் அடிச்சவ்வு. பழைய பெயர் குட்பாஸ்ச்சர் நோய். 1919இல், உலகையே உலுக்கிய இன்புளுயன்சா காலத்தில், நுரையீரலில் ரத்தம் கசிந்து சிறுநீரகமும் கெட்டு இறந்த 18 வயது இளைஞர் ஒருவரைப் பற்றி எர்னஸ்ட் குட்பாஸ்ச்சர் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். 1958இல் ஆஸ்திரேலியாவில் ஸ்டான்டன், டாஞ்சே என்ற இருவர் இதே போன்ற நோயாளிகளைப் பற்றி எழுதும்போது அவருடைய பெயரைச் சூட்டினார்கள். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் அல்லது அதற்கும் குறைவானவர்களுக்கே வரும் நோய் இது.

இரண்டாவது, ஆன்கா என்ற எதிர்ப்பொருளோடு (எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் உண்டாக்கும் புரதம்) வரும் ரத்தக்குழாய் அழற்சி. இதற்குள் ஜிபிஏ, எம்பிஏ, இஜிபிஏ என்று மூன்று கிளைகள் உண்டு. பழைய சீட்டுகளில் வெகனர் நோய் என்று எழுதியிருப்பது இன்றைய ஜிபிஏதான்; 2011இல் பெயரை மாற்றினார்கள். மூன்றாவது, தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ். லூபஸ் அவ்வளவு அரிதில்லை, ஆனால் அதில் நுரையீரலுக்குள் ரத்தம் கசிவது அரிது, மிக ஆபத்தானதும்கூட.

எங்கேயோ இருக்கும் நுரையீரலும் எங்கேயோ இருக்கும் சிறுநீரகமும் ஏன் சேர்ந்து கெடுகின்றன?

இரண்டுமே மெல்லிய சவ்வுகளால் ஆன உறுப்புகள். நுரையீரலில் காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு சவ்வு. சிறுநீரகத்தில் ரத்தத்துக்கும் சிறுநீருக்கும் நடுவே ஒரு சவ்வு. ஒரு சிறுநீரகத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. அந்த வடிகட்டியின் சவ்வும் நுரையீரலின் சவ்வும் நான்காம் வகைக் கொல்லாஜன் என்ற ஒரே புரதத்தால் நெய்யப்பட்டவை. ஆன்டி ஜிபிஎம் நோயில் எதிர்ப்பொருள் அந்தப் புரதத்தின் ஒரு குறிப்பிட்ட இழையையே குறிவைக்கிறது. ஆன்கா வகையில் தாக்கப்படுவது மிகச் சிறிய ரத்தக்குழாய்கள். அவை அதிகம் அடர்ந்திருப்பது இந்த இரண்டு உறுப்புகளில்தான்.

மார்கழிப் பனியில் இங்கே எல்லோருக்கும்தான் இருமல். எந்த இருமலுக்குப் பயப்பட வேண்டும்?

பயப்பட வேண்டாம், எண்ணிப் பாருங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமல். அதோடு ஏறி இறங்கும் மெல்லிய காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, மூட்டு வலி, வெளிறிய முகம், தோட்டத்து மேட்டில் வழக்கமாக ஏறும் இடத்தில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்குவது. சளியில் ரத்தக் கீற்று இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

வேறு இடங்களிலும் நோய் தடம் விடும். மூக்கில் ஓயாமல் பொருக்குக் கட்டி ரத்தம் வருவது, காதில் சீழ், சிவந்து வலிக்கும் கண், கால்களில் அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகள், திடீரென்று பாதம் தொங்கிப்போய் செருப்பு நழுவுவது ஆகியவை ஆன்கா வகையில் வரும். கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி போன்ற தடிப்பு, கொத்தாக முடி கொட்டுதல், வாய்ப்புண் இருந்தால் லூபஸைச் சந்தேகிப்பார்கள். நடுவயதில் புதிதாக ஆஸ்துமா வந்து, ரத்தத்தில் ஈஸ்னோபில் என்ற வெள்ளணு மிக அதிகமாகி, கை கால் மரத்தும் போனால் அதை வெறும் ஈஸ்னோபீலியா என்று மாத்திரை போட்டுக் கடந்துவிடக் கூடாது. அது இஜிபிஏவாக இருக்கலாம்.

தனித்தனியாகப் பார்த்தால் இவை ஒவ்வொன்றும் சாதாரணமானவை. மூக்குக்கு ஒரு மருத்துவர், மூட்டுக்கு ஒருவர், இருமலுக்கு ஒருவர் என்று போகும்போது யாருடைய மேசையிலும் முழுப் படம் விழுவதில்லை. எல்லாவற்றையும் ஒரே தாளில் தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள்.

ரத்தம் துப்பினால்தான் நுரையீரலில் கசிவு என்று அர்த்தமா?

இல்லை. மூன்றில் ஒரு பங்கு நோயாளிகள் துப்புவதே இல்லை. ரத்தம் காற்றறைகளுக்குள்ளேயே தேங்கிவிடும். அப்போது காட்டிக்கொடுப்பது ஹீமோகுளோபின். போன மாதம் 11 இருந்தவருக்கு, மாதவிடாய் மிகையோ மூலநோயோ இல்லாமல் இந்த மாதம் 8 என்றால், அந்த ரத்தம் எங்கே போனது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் இரும்புச்சத்து மாத்திரையோடு வீடு திரும்பக் கூடாது.

சிறுநீர் சிவப்பாகப் போகிறது. கேத்தி பீட்ரூட் சாப்பிட்டதாலா?

இருக்கலாம். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போகும். ஓரிரு நாளில் தெளிந்துவிடும். வடிகட்டியே சேதமாகி வரும் ரத்தம் பெரும்பாலும் பளிச்சென்ற சிவப்பில் இருக்காது. இரவு டம்ளரில் மிச்சம் வைத்த கட்டஞ்சாயா காலையில் எப்படிக் கறுத்திருக்குமோ, அந்த நிறம். வலி இருக்காது, எரிச்சல் இருக்காது. அதனால்தான் மக்கள் சும்மா விட்டுவிடுகிறார்கள். நுரை அடங்காமல் நிற்பது புரதம் போவதைக் காட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்ணுக்கு நிறமே தெரியாமலும் ரத்தம் போகும். தொடக்கத்தில் அப்படித்தான். சோதனைப் பட்டையை முக்கினால் மட்டுமே தெரியும்.

டிபி மாத்திரை சாப்பிடுகிறேன். சிறுநீர் நிறம் மாறும் என்று சொன்னார்களே?

சொன்னது சரி. ரிஃபாம்பிசின் சிறுநீரையும் வியர்வையையும் கண்ணீரையும்கூட ஆரஞ்சு நிறமாக்கும். அது தீங்கில்லாதது. மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆனால் அந்த ஆரஞ்சு நிறத்துக்குப் பின்னால் உண்மையான ரத்தம் ஒளிந்துகொள்ள முடியும். ஆரஞ்சுக்கும் பழுப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் குளியலறை வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யாமல், ஒரு முறை சோதித்துவிடுங்கள். அபூர்வமாக ரிஃபாம்பிசினே சிறுநீரகத்தைப் பாதிப்பதும் உண்டு. அந்தக் காரணத்துக்காகவும் சோதனை வீண் இல்லை.

உங்கள் தங்கைக்கு என்ன ஆனது?

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறாள். அப்போது அவளுக்கு வயது 44. நவம்பரில் இருமல் தொடங்கியது. பனி என்றோம். டிசம்பரில் எக்ஸ்ரேயில் இரு பக்கமும் நிழல். சளியில் கிருமி இல்லை, ஆனாலும் படம் டிபி மாதிரி இருக்கிறது என்று மருந்து தொடங்கினார்கள். அந்த மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் இருமல், எடை இழப்பு, நுரையீரல் நிழல் மூன்றும் சேர்ந்தால் நூற்றுக்குப் பெரும்பாலும் டிபிதான். ஜிபிஏ நோயில் நுரையீரலில் குழிகூட விழும். அச்சு அசல் டிபி படம் போலவே இருக்கும்.

பொங்கலுக்குப் போனபோது அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கணுக்காலில் விரல் பதித்தால் குழி விழுந்தது. சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்டேன். மாத்திரை நிறம்தான் அக்கா, முதலிலேயே சொல்லிவிட்டார்கள் என்றாள். ஊறுகாய் பாட்டிலைக் கொதிநீரில் கழுவி அதில் வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். ஆரஞ்சு இல்லை, பழுப்பு. மறுநாள் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 6.8, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 4.8.

பதினொரு வாரங்கள். தினமும் நாற்பது பேருடைய சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த நான், என் தங்கையுடையதைப் பார்க்கவில்லை. பிறகு சிறுநீரகத்தில் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சியில் எம்பிஏ என்று தெரிந்தது.

எலிக்காய்ச்சலிலும் இப்படித்தானே வரும் என்கிறார்களே?

வரும். அதனால்தான் இந்த நோயைக் கண்டுபிடிப்பது கடினம். கூடலூர், பந்தலூர் பக்கம் மழைக்காலத்தில் வயலிலும் ஓடையிலும் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் நுரையீரலில் ரத்தக் கசிவையும் சிறுநீரகச் செயலிழப்பையும் சேர்த்தே கொண்டுவரும். புதரில் இருக்கும் சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸும் அப்படியே. அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று உடல் முழுவதும் தேட வேண்டும். இந்த இரண்டிலும் காய்ச்சல் கடுமையாக, சட்டென்று வரும். உரிய மருந்துக்குப் பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். ஆட்டோ இம்யூன் நோய் பல நேரம் வாரக்கணக்கில் புகைந்துவிட்டுப் பிறகே கொழுந்துவிடும். இதய வால்வில் கிருமி தங்கினாலும் இதே தோற்றம் வரலாம். ஆகவே ரத்தத்தில் கிருமி வளர்ப்புச் சோதனையும் இதய எக்கோவும் கேட்டால் தேவையில்லாத சோதனை என்று நினைக்காதீர்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கொடுப்பதற்கு முன் கிருமி இல்லை என்று தெரிந்தாக வேண்டும்.

ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கருவியில் 93 காட்டுகிறது. ஊட்டியில் அது சாதாரணம்தானே?

ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். கோவையில் 97, 98 காட்டும் ஆரோக்கியமான உடல் இங்கே சில புள்ளிகள் குறைவாகக் காட்டுவது இயல்பே. அதற்காக எல்லாவற்றையும் மலையின் தலையில் போட முடியாது. அதே கருவியை அதே நேரத்தில் வீட்டில் இன்னொருவர் விரலிலும் மாட்டிப் பாருங்கள். அவருக்கு 96, நோயாளிக்கு 91 என்றால் உயரம் காரணமில்லை. உட்கார்ந்திருக்கும்போது ஒரு முறை, வாசலில் ஆறு நிமிடம் நடந்த பிறகு ஒரு முறை பாருங்கள். நடந்ததும் சரிந்தால் மருத்துவரிடம் அந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள். கைவிரல் சில்லிட்டிருந்தால் கருவி தவறாகக் காட்டும். தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள்.

முதல் நாளே என்னென்ன சோதனைகள் கேட்க வேண்டும்?

முழு ரத்த எண்ணிக்கை, யூரியா, கிரியாட்டினின், சிறுநீர் முழுப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, சளியில் டிபி சோதனை. அவ்வளவுதான். நம் மாவட்டத்தில் மலைக்கு மேலேயே செய்யக்கூடியவை இவை. ஊட்டியில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. சந்தேகம் வலுத்தால் அதற்கு மேல் நெஞ்சு சிடி ஸ்கேன், ஆன்கா, ஆன்டி ஜிபிஎம், லூபஸைத் தேடும் ஏஎன்ஏ, சி3, சி4 ஆகிய ரத்தப் பரிசோதனைகள். மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டு உப்புநீரால் கழுவி எடுப்பதும் உண்டு. கழுவக் கழுவ நீர் தெளியாமல் மேலும் மேலும் சிவந்து வந்தால் காற்றறையிலேயே ரத்தம் இருக்கிறது என்று பொருள்.

சிறுநீர் கொடுப்பதில் என்ன இருக்கிறது? அதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறீர்கள்?

என் வாழ்நாள் வேலை அது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மஞ்சூரிலிருந்து காலை ஆறு மணிக்கு எடுத்த சிறுநீர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம் குலுங்கி, வரிசையில் ஒரு மணி நேரம் காத்திருந்து என் மேசைக்கு வரும்போது, அதில் இருந்த முக்கியமான சாட்சி கரைந்து போயிருக்கும். ஆகவே ஆய்வகத்துக்கு வந்த பிறகு, அங்கேயே கொடுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டுப் பிடிக்கும் நடுப்பகுதிச் சிறுநீர், சுத்தமான குப்பி. வருவதற்கு முன் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்காதீர்கள்; நீர்த்துப்போனாலும் சாட்சி கலைந்துவிடும். மாதவிடாய் நாளாக இருந்தால் சொல்லிவிடுங்கள்.

நாங்கள் அதில் பத்து மில்லி எடுத்து ஐந்து நிமிடம் சுழற்றுவோம். மேல்நீரைக் கவிழ்த்துவிட்டு அடியில் தங்கிய வண்டலில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்போம். கல்லாலோ கிருமித்தொற்றாலோ வரும் ரத்தத்தில் சிவப்பணுக்கள் நாணயம் போல் வட்டமாக இருக்கும். வடிகட்டி கிழிந்து அதன் வழியே பிதுங்கி வந்தவை அப்படி இருக்காது. நெளிந்து, கிள்ளப்பட்டு, சில அணுக்களின் விளிம்பில் சிறு கொப்புளங்கள் புடைத்திருக்கும். அவற்றோடு சில நேரம் ஒரு நீண்ட உருளை தெரியும். சிறுநீரகத்தின் நுண்குழாய்க்குள் ரத்த அணுக்கள் நெருக்கியடித்து உறைந்து, குழாயின் வடிவத்திலேயே வார்க்கப்பட்டு வெளியே வந்த அச்சு அது. மங்கலான செம்பழுப்பு நிறம். உள்ளே மிளகு அடைத்த சிறு துணிப்பை போல அணுக்கள் புடைத்துத் தெரியும். அதைப் பார்த்துவிட்டால் ரத்தம் சிறுநீரகத்தின் வடிகட்டியிலிருந்தே வருகிறது என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

என் தங்கையின் கண்ணாடியில் மூன்று இருந்தன. முதல் அச்சைப் பார்த்ததும் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்து படியில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்ளே போய் எண்ணினேன்.

இன்று பல இடங்களில் இயந்திரம் பட்டையைப் படித்து ரத்தம் இரண்டு பிளஸ் என்று அச்சடித்துக் கொடுக்கிறது. வேகம் நல்லதுதான். ஆனால் நுரையீரலில் நிழலும் சிறுநீரில் ரத்தமும் சேர்ந்திருந்தால் வண்டலை ஒரு மனிதக் கண் பார்க்க வேண்டும். சீட்டில் அப்படி எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

கிரியாட்டினின் 1.2 தான். உப்பு ஏறவில்லை என்றார்கள். நிம்மதியாக இருக்கலாமா?

ஆய்வகத் தாளில் அது எல்லைக்குள் இருக்கும். ஆனால் ஒல்லியான பெண்ணுக்கு வழக்கமாக 0.6 இருந்து இப்போது 1.2 என்றால், வடிகட்டும் திறனில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. பழைய அறிக்கையைத் தேடி எடுங்கள். பிரசவத்துக்கு, கண் ஆபரேஷனுக்கு எடுத்ததுகூடப் பயன்படும். இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். இந்த நோய்களில் எண் எங்கே நிற்கிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதே முக்கியம்.

ஆன்கா பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. நோய் உறுதியா? நெகட்டிவ் என்றால் இல்லையா?

இரண்டுமே அப்படி இல்லை. டிபியிலும் இதய வால்வுத் தொற்றிலும் சில மருந்துகளாலும் ஆன்கா பாசிட்டிவ் வரலாம். நோய் இருந்தும் நெகட்டிவ் வருகிறவர்களும் உண்டு. ஆன்கா குறிவைக்கும் பிஆர்3, எம்பிஓ என்ற இரண்டு புரதங்களில் எது, எவ்வளவு என்று அளந்து சொல்லும் அறிக்கையே பயன்படும். ஆன்டி ஜிபிஎம் இருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆன்காவும் சேர்ந்தே இருக்கும் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் அனுப்ப வேண்டும். ரத்தம் கீழே பெரிய ஆய்வகத்துக்குப் போய் முடிவு வரச் சில நாட்கள் ஆகும். நுரையீரலில் ரத்தம் கசியும்போது அந்தத் தாளுக்காகச் சிகிச்சை காத்திருக்கக் கூடாது. அனுபவமுள்ள மருத்துவர்கள் காத்திருக்கவும் மாட்டார்கள்.

சிறுநீரகத்தில் ஊசி போட்டுச் சதை எடுப்பார்களாம். அதனால் சிறுநீரகம் கெட்டுவிடாதா?

பயாப்சி என்றதும் இந்தப் பயம் எல்லோருக்கும் வருகிறது. நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் நூல் போன்ற இரண்டு துணுக்குகள் எடுப்பார்கள். ஒவ்வொன்றும் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். பத்து லட்சம் வடிகட்டிகளில் சில பத்துகள் மட்டும் போகின்றன. அதன் பிறகு ஆறு மணி நேரமாவது அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். ஓரிரு முறை சிறுநீர் சிவந்து வரலாம். பெரிய ரத்தப்போக்கு அபூர்வம். அதற்காகத்தான் ரத்த அழுத்தத்தையும் உறைதிறனையும் முன்கூட்டியே பார்க்கிறார்கள்.

அந்தத் துணுக்கு சொல்வதை வேறு எதுவும் சொல்லாது. எங்கள் துறையில் ஒளிரும் சாயம் பூசிப் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. இருட்டறையில் பச்சையாக ஒளிரும். ஆன்டி ஜிபிஎம் நோயில் எதிர்ப்பொருள் சவ்வின் மீது இழுத்த மாக்கோலம் போல அறுபடாத கோடாக ஒளிரும். லூபஸில் கோடு இருக்காது, புள்ளி புள்ளியாகக் கோலப்பொடி சிந்தியது போலத் தெரியும். ஆன்கா வகையில் கோலமே இல்லாத வாசல் போல ஏறக்குறைய இருட்டாக இருக்கும், ஆனால் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால் வடிகட்டிகள் பிறை வடிவத்தில் நசுங்கியிருக்கும். மூன்று நோய்களையும் இப்படித்தான் பிரிக்கிறார்கள்.

இந்தச் சோதனைக்குரிய துணுக்கை ஃபார்மலினில் போடக் கூடாது. ஒன்று ஃபார்மலினில், மற்றொன்று உப்புநீரிலோ அதற்கென உள்ள கரைசலிலோ போக வேண்டும். இரண்டையும் ஒரே குப்பியில் போட்டு அனுப்பியதால் ஒளிரும் சோதனை செய்ய முடியாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு குப்பிகள்தானே என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை.

எப்போது கீழே போக வேண்டும்? இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். லண்டனில் ஆன்டி ஜிபிஎம் நோயாளிகள் 71 பேருக்குச் சிகிச்சை கொடுத்துப் பின்தொடர்ந்து 2001இல் வெளியிட்ட கணக்கு இது. கிரியாட்டினின் 5.7க்குக் கீழே இருக்கும்போதே சிகிச்சை தொடங்கியவர்களில் 95 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குப் பிறகும் சொந்தச் சிறுநீரகம் வேலை செய்தது. வரும்போதே டயாலிசிஸ் தேவைப்பட்டவர்களில் 8 சதவீதத்தினருக்கு மட்டுமே. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருப்பது பல நேரம் இரண்டு மூன்று வாரங்கள்தான். கல்யாணம் முடியட்டும், காய்கறி லோடு அனுப்பிவிட்டு வருகிறேன் என்று தள்ளிப்போட்ட வாரங்கள்.

சிறுநீரக மருத்துவர், நுரையீரல் மருத்துவர், பயாப்சி, பிளாஸ்மா மாற்று எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். நமக்கு அது கோவை. மூச்சு வாங்கிக்கொண்டோ ரத்தம் துப்பிக்கொண்டோ இருப்பவரைக் காரில் முன் இருக்கையில் உட்கார வைத்து மலைப்பாதையின் பர்லியார் வளைவுகளில் இறக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள், ஆக்சிஜனோடு போகலாம். எக்ஸ்ரே படங்களும் எல்லாத் தாள்களும் நோயாளியோடு போக வேண்டும்.

சிகிச்சை என்ன? பிழைப்பார்களா?

1958இல் வெளியான ஒரு கணக்கில், சிகிச்சை பெறாத வெகனர் நோயாளிகளின் சராசரி ஆயுள் ஐந்து மாதம். 1983இல் அமெரிக்காவில் ஆன்டனி ஃபௌசியும் உடன் பணியாற்றியவர்களும் 85 பேருக்கு ஸ்டீராய்டும் சைக்ளோபாஸ்பமைடும் கொடுத்து, 93 சதவீதத்தினருக்கு நோய் முழுமையாக அடங்கியதைக் காட்டினார்கள். இன்று ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தும் இருக்கிறது. ஆன்டி ஜிபிஎம் நோயில் ரத்தத்தின் பிளாஸ்மாவையே எடுத்துவிட்டு மாற்றுவது சிகிச்சையின் உயிர்நாடி. ஆன்கா வகையில் அது எல்லோருக்கும் தேவையில்லை என்று 704 பேரிடம் நடத்தி 2020இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. குறைந்த அளவு ஸ்டீராய்டே போதும் என்பதும் அதில் தெரிந்தது.

மருந்துகள் கடுமையானவை. சைக்ளோபாஸ்பமைடு கருவுறும் திறனைப் பாதிக்கும். இளம் வயதினர் தொடங்குவதற்கு முன்பே கூச்சப்படாமல் பேசிவிட வேண்டும். ரிட்டுக்ஸிமாபுக்கு முன் மஞ்சள் காமாலை பி கிருமிச் சோதனை கட்டாயம். முகம் ஊதுகிறது என்று ஸ்டீராய்டை நீங்களாகவே நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

இது ஒட்டுமா? குழந்தைகளுக்கு வருமா?

ஒட்டாது. தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டாம். தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் ஒரே அறையில் படுத்தாலும் வராது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நேராக இறங்கும் நோயும் இல்லை.

ஏன் வந்தது? பனியா, மருந்தடிப்பா, அடுப்புப் புகையா?

பனி இல்லை. ஆன்டி ஜிபிஎம் நோயில் நுரையீரல் ரத்தக் கசிவுக்குப் புகைபிடித்தல் முக்கியமான தூண்டுதல். பெட்ரோல், கரைப்பான் ஆவிகளும் சொல்லப்படுகின்றன. கல் உடைக்கும் இடத்துச் சிலிக்கா தூசுக்கும் ஆன்கா நோய்க்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. தைராய்டுக்குக் கொடுக்கும் புரோபைல்தயோயுராசில், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரலசின் ஆகிய மருந்துகள் சிலருக்கு இதைத் தூண்டும். ஆகவே சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பெரும்பாலோருக்குக் காரணம் எதுவும் சுட்டிக்காட்ட முடியாது. என் தங்கை, தான் செய்த பாவம் என்று நீண்ட நாள் அழுதாள். அப்படி எதுவும் இல்லை என்று அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

நாட்டு மருந்து, வலி மாத்திரை?

சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும்போது மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் வலி மாத்திரை அதை இன்னும் கெடுக்கும். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத சூரணமும் லேகியமும் அப்படியே.

செலவுக்கு என்ன செய்வது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் எடுத்துக்கொண்டு, நோயாளி படுத்திருக்கும்போதே வீட்டில் ஒருவர் அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். மருத்துவமனைகளில் காப்பீட்டுக்கென்று தனி மேசை இருக்கும். எந்தச் சிகிச்சைக்கு அனுமதி உண்டு என்று அங்கே முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அடங்கிய பிறகு மறுபடி வருமா? உங்கள் தங்கை இப்போது எப்படி இருக்கிறார்?

ஆன்டி ஜிபிஎம் அடங்கிவிட்டால் திரும்புவது அரிது. ஆன்கா வகை திரும்பும், பல ஆண்டுகள் கழித்தும். மாற்றுச் சிறுநீரகம் வைக்க வேண்டியவர்கள், ஆன்டி ஜிபிஎம் எதிர்ப்பொருள் ரத்தத்தில் மறைந்து ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டும்.

தங்கையின் கிரியாட்டினின் 2.1இல் வந்து நின்றது. ஒன்பது ஆண்டுகளாக அங்கேதான் நிற்கிறது. டயாலிசிஸ் இல்லை. நடுவில் ஒரு முறை நோய் திரும்பியது. அதை முதலில் கண்டுபிடித்தது மருத்துவமனை இல்லை, அவள்தான். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் சோதனைப் பட்டையைச் சிறுநீரில் முக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் நிறத்தை ஒப்பிட்டு, பச்சைத் தேயிலை எடை எழுதும் நோட்டிலேயே எழுதிவைக்கிறாள். நான்காம் ஆண்டு ஜூனில் ரத்தம் இரண்டு பிளஸ் என்று எழுதிவிட்டு எனக்குப் போன் செய்தாள். மூன்றாம் நாள் கோவையில் இருந்தோம். அப்போது கிரியாட்டினின் 2.3. மருந்தைக் கூட்டினார்கள், இறங்கிவிட்டது. போன ஞாயிறு நோட்டைப் பார்த்தேன். ஒரு வரியில் 62 கிலோ, அடுத்த வரியில் ரத்தம் இல்லை, புரதம் ஒரு பிளஸ்.